காப்பீடு முடிந்ததை யார் சொல்வது? ஏலமலைத் தொழிலாளர்களும் முன்னறிவிப்பு உரிமையும்

ஒவ்வோர் ஆண்டும் மே 31 நள்ளிரவோடு போடிநாயக்கனூரிலும் அதைச் சுற்றிய சேரிகளிலும் பலருடைய காப்பீடு முடிந்துபோகிறது. அது முடிந்த செய்தி அவர்களுக்குத் தெரிவதில்லை. வீட்டில் ஒரு சாவோ விபத்தோ நேர்ந்து, வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. காப்பீடு இல்லாத ஏழையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். காப்பீடு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் ஏழையைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

2015 மே மாதம் ஒன்றிய அரசு இரண்டு திட்டங்களைத் தொடங்கியது. ஒன்று, எக்காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் தரும் ஜீவன் ஜோதி பீமா. மற்றது, விபத்துச் சாவுக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் ரூபாய் தரும் சுரக்ஷா பீமா. முதலாவதன் ஆண்டுக் கட்டணம் 2022 ஜூன் முதல் 436 ரூபாய். இரண்டாவதற்கு 20 ரூபாய். இரண்டிலும் காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. கட்டணத்தை வங்கியே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். கணக்கில் அந்தத் தொகை இல்லையென்றால் காப்பு முடிந்தது. கணக்கை மூடினாலும் முடிந்தது. ஜீவன் ஜோதியில் 55 வயதோடும், சுரக்ஷாவில் 70 வயதோடும் அது தானாகவே நின்றுவிடுகிறது.

கட்டணம் எடுக்கப்படும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஏலத்தோட்டங்களில் காய் பறிப்பு மழைக்காலத்தில் தொடங்கிப் பனிக்காலம் கடந்து ஓய்கிறது. கோடையில் வேலை குறைவு. போடி மெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் உடும்பன்சோலைக்கும் விடியற்காலையில் ஏறும் ஜீப்புகளின் எண்ணிக்கையும் அப்போது குறைந்துவிடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. நோட்டுப் புத்தகம், சீருடை, கட்டணம். ஆண்டு முழுவதிலும் ஒரு மலைத்தொழிலாளியின் கணக்கு வற்றிக் கிடக்கும் வாரம் எதுவென்று கேட்டால், மே மாதத்தின் கடைசி வாரம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த வாரத்தில்தான் 436 ரூபாய் இருக்கிறதா என்று கணினி தேடுகிறது. நிதியாண்டையும் வங்கிகளின் வசதியையும் அறிந்தவர்கள் வகுத்த நாள் அது. கூலியின் பருவத்தை அறிந்தவர்கள் அந்த அறையில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஒருமுறை விட்டுப்போனால் மீண்டும் சேரலாம். ஆனால் ஜீவன் ஜோதியில் புதிதாகச் சேர்ந்தவராகவே கருதப்படுவார். விபத்து அல்லாத சாவுக்கு முதல் 30 நாளில் பணம் கிடையாது. ஐம்பது வயதைத் தாண்டியவர் என்றால் மீண்டும் சேரவே முடியாது. சேரும் வயது 18 முதல் 50 வரைதான். 51 வயதில் ஒரே ஒரு மே மாதம் கணக்கு காலியாக இருந்த பெண், 55 வயது வரை அவருக்கு உரியதாக இருந்த காப்பை நிரந்தரமாக இழக்கிறார். இப்படியொரு விளைவுக்கு முன் அவருக்குக் கிடைக்கக்கூடியது, அதிகம் போனால், ஒரு குறுஞ்செய்தி. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வங்கியில் பதிவான எண் மகனுடையதாகவோ, கணக்குத் தொடங்க உதவிய வேறொருவருடையதாகவோ, எப்போதோ தொலைந்துபோன சிம் அட்டையுடையதாகவோ இருக்கும்.

ஜன்தன் கணக்கோடு வரும் ரூபே அட்டையின் விபத்துக் காப்பீடு இன்னும் விசித்திரமானது. 2018 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு தொடங்கிய கணக்குகளுக்கு அது 2 லட்சம் ரூபாய். ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் அந்த அட்டையை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். அட்டையைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, வங்கிக்குப் போய்ப் படிவம் எழுதிக் கொடுத்துப் பணம் எடுக்கும் ஒரு மூதாட்டியின் காப்பு 91-ஆம் நாள் உறங்கிவிடுகிறது. பத்திரப்படுத்தியதே குற்றமாகிறது. மலைப்பாதையில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்பில் தினமும் இரண்டு வேளை பயணம் செய்பவருக்கு விபத்துக் காப்பீடு என்பது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அந்த ஜீப்பின் காப்பீடு முடியப்போகிறது என்றால் உரிமையாளருக்கு முகவரிடமிருந்து அழைப்புமேல் அழைப்பு வருகிறது. ஜீப்புக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அழைக்க ஆளில்லை.

அறிவிப்பு என்பதைச் சட்டம் அறியாததல்ல. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, ஆயுள் காப்பீட்டுக் கட்டணம் தவறினால், தவறிய நாளிலிருந்து மூன்று மாதம் முடிவதற்குள், அவருக்கு இருக்கும் வழிகள் என்னென்ன என்று காப்பீட்டாளர் அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்த வழிகள் காப்பீட்டு ஆவணத்திலேயே எழுதப்பட்டிருந்தால் தேவையில்லை என்று அதே பிரிவு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. வெள்ளையர் காலச் சட்டம் கற்பனை செய்த பாலிசிதாரர், பத்திரத்தைப் பீரோவில் வைத்திருக்கும் நடுத்தர வர்க்கத்து ஆண். நாம் பேசும் திட்டங்கள் குழுக் காப்பீடுகள். அவற்றில் பாலிசிதாரர் வங்கி. தொழிலாளி வெறும் உறுப்பினர். ஆவணம் வங்கியிடம் இருக்கிறது, அறிவிப்பு வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே நடக்கிறது, சாவு மட்டும் சேரியில் நடக்கிறது.

மருத்துவக் காப்பீட்டுக்கு வருவோம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்த அட்டையைத்தான் தேனி மாவட்டத்து ஏழைகள் அறிவார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும். இந்தத் திட்டம் பல உயிர்களைக் காத்திருக்கிறது. அதை மறுப்பவர்கள் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வரிசையில் ஒருநாள் நின்று பார்க்கட்டும்.

சிக்கல் அந்த அட்டை குடும்பத்தின் பெயரில் இருப்பதில் தொடங்குகிறது. மகன் தனிக்குடும்ப அட்டை வாங்கும்போது தாயின் பெயர் எந்தப் பக்கம் போகிறது என்பதை அவர் அறியாமலே முடிவு நடந்துவிடுகிறது. கணவர் இறந்தபின் பெயர் நீக்கம், திருத்தம், இடமாற்றம் என ஒவ்வொரு முறையும் குடும்ப அட்டையில் நடப்பது காப்பீட்டிலும் எதிரொலிக்கிறது. வழங்கல் துறையின் ஒரு பதிவு மருத்துவத் துறையின் ஓர் உரிமையை அசைத்துவிடுகிறது. இரண்டு துறைகளுக்கும் அது பற்றி ஓர் ஓலை அனுப்பும் கடமை இருப்பதாகத் தோன்றவில்லை. 5 லட்சமும் மொத்தக் குடும்பத்துக்கானது. ஆண்டின் தொடக்கத்தில் ஒருவருடைய பெரிய சிகிச்சைக்கு அது தீர்ந்துவிட்டால் முதியவருக்கு மிச்சம் இல்லை என்பதை அவர் மருத்துவமனை மேசையில்தான் கேட்கிறார்.

அந்த மேசையில் நடப்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். ‘காப்பீடு இவ்வளவுதான், இனிமேல் நீங்கள்தான் கட்ட வேண்டும்’ என்ற வாக்கியம் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. எழுத்தில் தருவதில்லை. நம்முடைய ஊர்களில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பத்துப் படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை. முதியோரை நீண்டநாள் வைத்துப் பராமரிக்கும் இல்லம் என்ற பொருள் அதற்கு மேலைநாடுகளில்தான். அமெரிக்காவில் அப்படிப்பட்ட இல்லத்தில் இருக்கும் முதியவருக்கு மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டின்கீழ் நடக்கும் பராமரிப்பு நிறுத்தப்படப் போகிறதென்றால், குறைந்தது இரண்டு நாள் முன்பே எழுத்து வடிவில் அறிவிப்புத் தர வேண்டும். என்றைக்கு முடிகிறது, எப்படி மேல்முறையீடு செய்வது என்பன அதில் இருக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு அவரோ, அவரால் இயலாவிட்டால் அவருடைய பிரதிநிதியோ கையெழுத்திட வேண்டும். முடியும் நாளுக்கு முந்தைய நண்பகலுக்குள் முறையிட்டால், மருத்துவமனைக்கும் காப்பீட்டாளருக்கும் தொடர்பற்ற ஒரு மதிப்பாய்வு அமைப்பு விரைந்து முடிவு சொல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவ அமைப்பை நாம் முன்மாதிரியாகக் கொள்ளவில்லை. கடனில் மக்களை மூழ்கடிக்கும் அமைப்பு அது. அவ்வளவு கொடிய சந்தையிலேயே ஒரு தாளும் இரண்டு நாளும் கட்டாயம் என்றால், மக்கள்நல அரசு என்று சொல்லிக்கொள்ளும் இங்கே ஏன் இல்லை என்பதே கேள்வி.

அந்த விதிக்குப் பின்னால் இருக்கும் தத்துவத்தை 1970-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்கில் வகுத்தது. நியூயார்க்கில் அரசு உதவித்தொகை பெறும் ஏழைகளுக்கு அதை நிறுத்துவதற்கு முன் அறிவிப்பும் விசாரணையும் வேண்டும், நிறுத்திவிட்டுப் பிறகு கேட்பது போதாது என்றது அத்தீர்ப்பு. வயிற்றுப் பாட்டுக்கு அந்தத் தொகையையே நம்பியிருப்பவரால், அது நின்றபின் வழக்காடும் நிலையில்கூட இருக்க முடியாது என்பது அதன் அடிப்படை. சட்டம் படிக்கும் மாணவர்கள் இதை வாசிக்க வேண்டும்.

நம் உச்சநீதிமன்றமும் வேறோர் இடத்தில் இதே முடிவுக்கு வந்திருக்கிறது. 1993-இல் டி.கே.யாதவ் எதிர் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கு. எட்டு நாளுக்கு மேல் வராத தொழிலாளியின் பெயர் தானாகவே நீங்கிவிடும் என்று நிலையாணையில் எழுதியிருந்தது. ‘தானாகவே’ என்ற சொல்லை நீதிமன்றம் ஏற்கவில்லை. வாழ்வாதாரம் அரசமைப்பின் 21-ஆவது பிரிவுக்குள் வருகிறது, ஆகவே விளக்கம் கேட்காமல் பெயரை அடிப்பது இயற்கை நீதிக்கு முரணானது என்றது. எந்த அதிகாரியும் கையெழுத்திடாமல், எந்த ஆணையும் பிறக்காமல், விதியும் கணினியும் சேர்ந்து ஒரு மனிதரைப் பட்டியலிலிருந்து கழற்றிவிடுகின்ற இன்றைய நடைமுறையை எதிர்க்க இத்தீர்ப்பு நம் கையிலுள்ள நல்ல கருவி. நாங்கள் பார்த்தவரை இதை வேலைநீக்க வழக்குகளில் மட்டுமே மேற்கோள் காட்டுகிறார்கள். நலத்திட்ட வழக்குகளுக்கும் கொண்டுவர வேண்டும்.

தானியங்கி நீக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஜார்க்கண்ட் காட்டியது. 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருவர் இறந்தார். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்ப அட்டை நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டபடியே மகள் இறந்தாள் என்றார் தாய், மலேரியா என்றது அரசு. நீக்கப்பட்ட அட்டைகள் குறித்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. அந்த வீட்டுக்கு யாராவது முன்கூட்டி ஒரு தாளைக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நாம் யோசிக்காமல் இருக்க முடியாது.

எல்லைக்கு மேலே நிலைமை வேறு. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது ஏலமலை கேரளத்துக்குப் போனது; உழைப்பவர்களின் வீடு பெரும்பாலும் கீழே தமிழ்நாட்டிலேயே இருந்தது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் இருந்தால்தான் அச்சட்டத்தின் கணக்கில் அது தோட்டமாக இருந்தது. ஏலத்தில் சிறு தோட்டங்கள் ஏராளம். பெரிய தோட்டங்களிலும் தினமும் ஜீப்பில் வந்துபோகிறவர் பதிவேட்டில் இருக்கிறாரா என்பது அந்தந்தத் தோட்டத்தைப் பொறுத்தது. லயத்தில் முப்பது ஆண்டு இருந்தவருக்கும் வேலை முடிந்த அன்று வீடும் மருந்தும் சேர்ந்தே முடிகின்றன. பிற மாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரளம் 2017-இல் தொடங்கிய ‘ஆவாஸ்’ காப்பீடும் 60 வயதோடு நின்றுவிடுவது. ஆக, காப்பு அதிகம் தேவைப்படும் வயதில்தான் ஒவ்வொரு கதவும் சாத்தப்படுகிறது.

2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தோட்டங்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வர இப்போது வழி உண்டு. ஆனால் விருப்பம் முதலாளியுடையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் இருந்தபோதுதான், 1944-இல், தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அடார்கர் அறிக்கை வந்தது, 1948-இன் இ.எஸ்.ஐ. சட்டம் அதன் வழி வந்தது. அந்தக் காப்பீட்டின் வலிமையே முதலாளியின் விருப்பத்தைக் கேட்காததில் இருந்தது. தோட்டத்துக்கு மட்டும் அந்த விருப்பத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

அறிவிப்பு ஒரு சாதிப் பிரச்சினையும்கூட. ஊருக்குச் செய்தி சொல்லும் வேலையைத் தலைமுறை தலைமுறையாக நம் மக்களின் தோளில் சுமத்தினார்கள். பறையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வரி, ஏலம், கூட்டம் எல்லாவற்றையும் அறிவித்தவர்கள் நம் பாட்டன்மார். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தச் சொல்லித் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான். ஊருக்கெல்லாம் சேதி சொன்னவர்களின் வீட்டுக்குச் சேதி வந்து சேரும் வழியை மட்டும் யாரும் ஏற்படுத்தவில்லை. ஆதிக்கச் சாதித் தெருவில் கிராம நிர்வாக அலுவலரையோ வங்கி எழுத்தரையோ தெரிந்த ஒருவர் இருப்பார். ‘உங்கள் அட்டையில் ஏதோ சிக்கல், வந்து பாருங்கள்’ என்ற தகவல் காற்றுவாக்கில் வந்துவிடும். சேரிக்கு அந்தக் காற்று வீசுவதில்லை. எழுத்துவழி அறிவிப்பு எல்லாருக்கும் பொதுவான விதி என்றாலும், அது இல்லாததன் விலையை எல்லாரும் சமமாகக் கொடுப்பதில்லை.

இப்போது செய்யக்கூடியது என்ன? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1)(ஈ) பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. நிர்வாக முடிவால் பாதிக்கப்படுபவருக்கு அதற்கான காரணத்தைப் பொது அதிகார அமைப்பு தானாகவே தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. மனுப் போட்டுக் கேட்கும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், காப்பீட்டு அட்டை செயலிழப்பு இரண்டுக்கும் இது பொருந்தும் என்று வாதிடலாம், வாதிட வேண்டும். பொதுத்துறை வங்கிகளும் பொது அதிகார அமைப்புகளே. நம் கிளையில் கடந்த மே 31-இல் எத்தனை பேரின் காப்பு பணமில்லாததால் நின்றது, அவர்களுக்கு எந்த மொழியில் எப்படித் தெரிவிக்கப்பட்டது என்று கிளைவாரியாகக் கேட்கலாம். போடியில் இருக்கும் கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. ஏப்ரலிலேயே தெருவாரியாக வங்கிப் புத்தகங்களைப் பார்த்து, 456 ரூபாய் இருக்கிறதா என்று சரிபார்ப்பதும் அவர்களால் ஆகும். அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது; அதற்குள் ஒரு ஜூன் போய்விடும் என்பதும் உண்மை.

மருத்துவமனையில் ‘காப்பீடு முடிந்தது’ என்று சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பல நேரங்களில் அது முடிந்திருக்காது. இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் உண்டு. அதற்குள் அடங்கிய மருந்துக்கும் பரிசோதனைக்கும் தனியாகப் பணம் கேட்க மருத்துவமனைக்கு உரிமையில்லை. ஆயுஷ்மான் பாரத் விதிகளின்படி சேர்க்கைக்கு முந்தைய 3 நாளும், வீடு திரும்பிய பிந்தைய 15 நாள் மருந்தும் தொகுப்புக்குள் வருபவை. எழுதிக் கேட்டவுடன் பேச்சு மாறுவதை வழக்கறிஞர்களாகிய நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். எழுதித் தந்தால் அதுவே ஆட்சியரிடம் புகார் கொடுப்பதற்கான ஆவணம்.

முதியோர் இல்லங்களில் இருப்பவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் அளவில் இல்லம் அமைப்பது பற்றிப் பேசுகிறது. 2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் இல்லங்களின் எண்ணிக்கையையும் அங்குள்ள மருத்துவ வசதியையும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்கச் சொன்னது. இல்லத்துக்குள் வந்த முதியவரின் பெயர் மகனின் குடும்ப அட்டையில் கிடக்கும், அல்லது எதிலும் இருக்காது. 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி 5 லட்சம் என்ற ஒன்றிய அரசின் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. 60-க்கும் 70-க்கும் இடையே இருப்பவருக்கு அதுவும் இல்லை. ஏலமலையில் நாற்பது ஆண்டு முதுகு வளைத்தவரின் உடல் எழுபது வரை காத்திருக்குமா என்று அறிவித்தவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இல்லத்தில் சேர்க்கும் அன்றே ஒவ்வொருவருடைய காப்பீட்டு நிலையையும் பதிந்து, அது மாறும்போது அவருக்கும் அவர் சுட்டும் ஒருவருக்கும் தமிழில் எழுதித் தருவதை இல்லங்களின் பதிவு நிபந்தனையாக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஓர் அரசாணை போதும்.

ஒரு நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்காக யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு 2022 ஜனவரி 11-இல் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தம் 2027 ஜனவரி 10-இல் முடிகிறது. திட்டம் தொடரும் என்றே எதிர்பார்க்கலாம், முன்பும் தொடர்ந்திருக்கிறது. ஆனால் நிறுவனம் மாறினால் மருத்துவமனைப் பட்டியல் மாறலாம், சிகிச்சைப் பட்டியல் மாறலாம், பழைய அட்டைகளைச் சரிபார்க்கிறோம் என்ற பெயரில் பெயர்கள் உதிரலாம். டயாலிசிஸில் இருப்பவருக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையின் நடுவில் இருப்பவருக்கும் ஒரு வார இடைவெளிகூடப் பெரிது. அவர்களுக்கு எப்போது, யார் மூலம், எந்த மொழியில் தெரிவிக்கப் போகிறீர்கள் என்ற கேள்வியை மாவட்ட ஆட்சியருக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் இப்போதே மனுவாக அனுப்ப வேண்டும். மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.